சோடாப் போத்தலின் சிவப்பு வட்டத்தைக் காப்பாற்றுவது எப்படி? வர்த்தக விதிகளுக்கு முன் ஒரு பாவனையாளர் சட்டம் நிலைக்க, யாழ்ப்பாணத்திலிருந்து செய்யக்கூடியவை

பாவனையாளரைப் பாதுகாக்கும் ஒரு விதி வரைவாக வெளிவந்தால், “இது சர்வதேச வர்த்தக விதிகளுக்கு முரணானது” என்று ஒரு கடிதம் அதன் பின்னாலேயே வந்து சேரும். உறுப்புரை இலக்கங்கள் நிறைந்த அந்தக் கடிதத்தைக் கண்டதும் கந்தோரில் உள்ளவர்கள் விதியைக் கொஞ்சம் ஒத்திவைப்பார்கள். என் கணிப்பில், ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் முன் தோற்றுப்போகும் விதிகளைவிட இப்படி ஒத்திவைப்பிலேயே செத்துப்போகும் விதிகள்தான் அதிகம்.

அந்த இடைவெளியில் ஒரு சனசமூக நிலையமோ மாதர் சங்கமோ என்ன செய்யலாம் என்பதைத்தான் கீழே ஒழுங்குப்படி எழுதியிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. இத்தகைய பெட்டிசங்களை எழுதி, புதிதாக வந்த பிள்ளைகள் எழுதியதைத் திருத்திப் பழகியவன்.

உதாரணமாக எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுப்போம். சோடாவில் உள்ள சீனிக்கு நிறக் குறியீடு 2016 ஆகஸ்ட் 1 முதல் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் கீழ் பச்சை. அந்த வட்டத்தைப் பெரிதாக்கிப் போத்தலின் முன்பக்கத்தில் போடவேண்டும் என்று நாளை ஒரு திருத்தம் வருவதாகவும், அதற்கு வெளிநாடொன்றிலிருந்து ஆட்சேபனை வருவதாகவும் வைத்துக்கொள்வோம்.

தொடங்க முன் கையில் இருக்கவேண்டியவை

வரைவின் அல்லது வர்த்தமானியின் மூன்று மொழிப் பிரதிகளும் வேண்டும். ஆட்சேபனை ஆங்கிலப் பிரதியை வைத்தே எழுதப்படும். நீங்கள் தமிழ்ப் பிரதியை மட்டும் வாசித்து வாதாடினால் இரண்டு பேரும் இரண்டு விதியைப் பற்றிப் பேசுவீர்கள்.

பொருளின் சுங்கக் குறியீட்டு இலக்கம் வேண்டும். சீனி சேர்த்த பானங்களுக்கு 2202. சர்வதேச ஆவணங்களில் பொருளின் பெயரைவிட இலக்கத்தால் தேடுவதுதான் சுகம்.

ஆங்கிலம் வாசிக்கப் பொறுமையுள்ள ஒருவர், கடை கடையாக ஏறி இறங்கக்கூடிய இருவர், திகதி குறிக்க ஒரு கொப்பி. இவ்வளவும் போதும். பெரிய ஆள் ஒருவரைத் தலைவராகப் போட்டு விட்டு வேலையைத் தொடங்குவோம் என்று காத்திருந்தால் காலக்கெடு போய்விடும்.

1. எந்த வாசலால் வருகிறார்கள் என்று பாருங்கள்

வாசல் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு என்பதால் இதுதான் முதல் வேலை.

விதி உணவிலுள்ள நஞ்சு, நோய்க்கிருமி, பூச்சிகொல்லி எச்சம், சேர்மானம் ஆகியவற்றால் வரும் ஆபத்தைப் பற்றியதானால், சுகாதார மற்றும் தாவரச் சுகாதார நடவடிக்கைகள் பற்றிய உடன்படிக்கை பொருந்தும். சுருக்கமாக எஸ்பிஎஸ். தேங்காய் எண்ணெயில் அஃப்லாரொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு எவ்வளவு இருக்கலாம் என்ற கேள்வி இந்த வகை. இங்கே விஞ்ஞான முறைப்படியான ஆபத்து மதிப்பீடு கட்டாயம்.

லேபல், பொதி, அளவு, தரம் பற்றியதானால் வர்த்தகத்துக்கான தொழினுட்பத் தடைகள் பற்றிய உடன்படிக்கை, அதாவது டிபிடி. நமது சிவப்பு வட்டம் இதற்குள்தான் வரும்.

மூன்றாவது, முதலீட்டு உடன்படிக்கை. முதல் இரண்டிலும் வழக்குப் போடுவது நாடு. இதில் கொம்பனியே அரசை நடுத்தீர்ப்புக்கு இழுக்கலாம். அது 8ஆம் படியில்.

வாசலைப் பார்க்காமல் எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் விடும் பிழை. டிபிடி ஆட்சேபனைக்கு நீரிழிவு பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்த ஒரு பெட்டிசம் என்னிடம் வந்தது. சீனி கூடாது என்பதை எதிர்த்தரப்பு மறுக்கவே இல்லை. “வட்டம் ஏன் இவ்வளவு பெரிது?” என்றுதான் அவர்கள் கேட்டிருந்தார்கள்.

2. திகதிகளைக் குறியுங்கள்

ஒரு நாட்டின் புதிய தொழினுட்ப விதி சர்வதேச தரத்திலிருந்து விலகி, வர்த்தகத்தையும் கணிசமாகப் பாதிக்குமானால், அதை வரைவாக இருக்கும்போதே உலக வர்த்தக அமைப்புக்கு அறிவிக்கவேண்டும். மற்ற நாடுகள் கருத்துச் சொல்ல 60 நாள் கொடுக்கும்படி டிபிடி குழு பரிந்துரைத்திருக்கிறது. விதி வெளியாவதற்கும் அது நடைமுறைக்கு வருவதற்கும் இடையில் சாதாரணமாக 6 மாதத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்பது 2001இல் தோஹாவில் எடுத்த தீர்மானம்.

இந்த அறிவித்தல்களை ஈபிங் என்ற இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மின்னஞ்சலைப் பதிந்து, நாடு இலங்கை, பொருள் 2202 என்று கொடுத்துவிட்டால் புதிய அறிவித்தல் வரும்போது உங்களுக்கும் வரும். தமிழில் இல்லை, அதற்குத்தான் பொறுமையுள்ள அந்த ஒருவர்.

நாங்கள் முதல் தடவை கடிதம் அனுப்பியபோது காலம் முடிந்து பதினொரு நாள். நல்ல கடிதம்தான், ஒருவரும் பதில் எழுதவில்லை.

6 மாத இடைவெளியைச் சிலர் கொம்பனிக்குக் கொடுக்கும் சலுகையாகப் பார்த்து, “உடனடியாக அமுல்படுத்து” என்று கோருவார்கள். அந்தக் கோரிக்கை விதிக்கே குழி பறிக்கும். அமெரிக்கா 2009இல் வாசனைச் சிகரெட்டுகளைத் தடைசெய்தபோது மூன்று மாதம்தான் கொடுத்தது. இந்தோனேசியா போட்ட வழக்கில் அதுவும் ஒரு மீறலாகத் தீர்ந்தது.

3. நோக்கத்தை ஒரே வசனத்தில் எழுதுங்கள்

டிபிடி உடன்படிக்கையின் 2.2ஆம் உறுப்புரை, மனித ஆரோக்கியத்தைப் பாதுகாத்தல், ஏமாற்று நடைமுறைகளைத் தடுத்தல், சூழலைக் காத்தல் போன்றவற்றை நியாயமான நோக்கங்களாக ஏற்கிறது. உங்கள் வசனம் இவற்றில் ஒன்றின்மேல் நேராக நிற்கவேண்டும். உதாரணம்: “போத்தலைக் கையில் எடுக்கும் ஒருவர், அதிலுள்ள சீனியின் அளவை வாங்குவதற்கு முன்பே ஒரு பார்வையில் அறிந்துகொள்ளச் செய்தல்.”

இனி நமது ஊர்ப் பிழைக்கு வருகிறேன். ஒருநாள் பின்னேரம் நிலையத்தில் வரைவைத் திருத்திக்கொண்டிருந்தபோது, முதலாவது பந்தியிலேயே “உள்ளூர்ச் சோடா உற்பத்தியைப் பாதுகாக்கும் நோக்குடன்” என்று இருந்தது. நான் சிவப்புப் பேனையால் வெட்டினேன். எழுதிய தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது.

“ஏன் அண்ணை, எங்கட ஊர்ச் சோடாவைக் காப்பாத்திறது பிழையே?”

“பிழையில்லைத் தம்பி. ஆனா இந்தக் கடிதத்தில அது இருந்தா, அவையள் தேடுற சாட்சியை நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி.”

பாவனையாளர் பாதுகாப்பு என்ற போர்வைக்குள் உள்ளூர் வியாபாரத்தைப் பாதுகாக்கிறார்கள் என்பதுதான் இந்த வழக்குகளில் வழமையான குற்றச்சாட்டு. காட் எனப்படும், தீர்வைகளும் வர்த்தகமும் பற்றிய பொது உடன்படிக்கையின் 20ஆம் உறுப்புரை ஆரோக்கியத்துக்காக விதிவிலக்குத் தருகிறது. ஆனால் அது வர்த்தகத்தின் மீதான மாறுவேடமிட்ட கட்டுப்பாடாக இருக்கக்கூடாது என்று அதன் முகப்பிலேயே நிபந்தனையும் போட்டிருக்கிறது. பனம் பண்டம், உள்ளூர்ச் சோடா, சுதேசி என்பவை பற்றிப் பேச வேறு மேடைகள் இருக்கின்றன.

4. விலக்குகளைத் தேடிப் பிடியுங்கள்

நேரமில்லாவிட்டால் மற்றப் படிகளைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள். பாவனையாளர் விதிகள் பெரும்பாலும் நோக்கத்தில் தோற்பதில்லை. யாரோ ஒருவருக்காக நடுவில் செருகிய விலக்கில்தான் தோற்கின்றன.

மேலே சொன்ன சிகரெட் வழக்கையே பாருங்கள். இளைஞர்களைப் புகைத்தலிலிருந்து காப்பது நல்ல நோக்கம் என்பதை எல்லோரும் ஏற்றார்கள். ஆனால் இந்தோனேசியாவிலிருந்து வந்த கராம்புச் சிகரெட் தடைசெய்யப்பட, பெரும்பாலும் அமெரிக்காவிலேயே தயாரான மென்தோல் சிகரெட் தப்பிவிட்டது. 2012இல் மேன்முறையீட்டுக் குழு, ஒத்த பொருட்களை வேறுபடுத்தி நடத்தியதாகச் சொல்லி அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்த்தது. பிரேசில் மீளப் புதுப்பித்த ரயர் இறக்குமதியைத் தடுத்த வழக்கிலும் இதே கதை. கழிந்த ரயர்களில் நுளம்பு பெருகும், தீப்பிடிக்கும் என்ற வாதம் எடுபட்டது. அயல் கூட்டணி நாடுகளுக்குக் கொடுத்த விலக்குத்தான் 2007இல் காலை வாரியது.

இன்னொரு வகை, கண்ணுக்குத் தெரியாத விலக்கு. மாடு எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே வெட்டப்பட்டது என்று இறைச்சி லேபலில் போடும்படி அமெரிக்கா சட்டம் செய்தது. கனடாவும் மெக்சிகோவும் வழக்குப் போட்டன. உற்பத்தியாளர் எழுதி வைக்கவேண்டிய பதிவுகளோ ஏராளம். அவற்றில் பாவனையாளர் கண்ணுக்கு வந்தது கொஞ்சம். அந்தப் பாரத்தை இறக்குமதி மாடுகளே கூடுதலாகச் சுமந்தன. பழிவாங்கும் வரிகளின் அளவை நடுவர் நிர்ணயித்ததும் 2015 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் மாட்டிறைச்சிக்கும் பன்றியிறைச்சிக்கும் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டது. தகவல் அறியும் உரிமை என்று பாவனையாளர் அமைப்புகள் கொண்டாடிய சட்டம் அது.

இதை நமது வரைவுக்குப் பொருத்துவது இப்படித்தான். ஒவ்வொரு பிரிவையும் வாசித்து, ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: இந்த வரியால் உள்ளூர்ப் போத்தலுக்கு ஒரு விதமாகவும் கப்பலில் வந்த போத்தலுக்கு இன்னொரு விதமாகவும் ஆகிறதா? “கண்ணாடிப் போத்தலுக்கு விலக்கு” என்ற அப்பாவி வரிகூட, இங்கே மீள நிரப்பும் கண்ணாடிப் போத்தல்கள் எல்லாம் உள்ளூர் உற்பத்தியாக இருந்தால் வில்லங்கம்தான்.

சிறு உற்பத்தியாளருக்கு இளக்கம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அதை உற்பத்தி அளவை வைத்து எழுதச் சொல்லுங்கள். எந்த நாட்டுச் சிறு உற்பத்தியாளருக்கும் அது கிடைக்கவேண்டும். விலக்காக இல்லாமல் கூடுதல் கால அவகாசமாக இருந்தால் இன்னும் பாதுகாப்பு. அப்போதும் ஏன் தேவை என்று ஒரு காரணம் எழுதப்பட்டிருக்கவேண்டும். பின்னர் தேடிக் கண்டுபிடிக்கும் காரணத்தை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

5. கடைக்குப் போய் எண்ணுங்கள்

வர்த்தகத் திணைக்களத்திடம் உடன்படிக்கை இருக்கிறது, சுகாதார அமைச்சிடம் நோய்க் கணக்கு இருக்கிறது. திருநெல்வேலிச் சந்திக் கடையின் குளிர்சாதனப் பெட்டிக்குள் போத்தல் எப்படி நிற்கிறது என்பதை நீங்கள்தான் சொல்லமுடியும். பெட்டிசத்தில் உங்களுக்கே உரிய பகுதி இதுதான்.

நாங்கள் செய்த முறை: ஒரு அடிமட்டம், கொப்பி, கைத்தொலைபேசி. திருநெல்வேலியில் மூன்று கடை, சுன்னாகத்தில் இரண்டு, ஒரு சங்கக் கடை. ஒவ்வொரு பானத்துக்கும் வட்டத்தின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர், முன்பக்கமா பின்பக்கமா, 100 மில்லிலீற்றருக்குச் சீனி எவ்வளவு, பிறந்த நாடு எது என்று நான்கு நிரல்.

எண்ணும்போதுதான் சில விசயங்கள் தெரியவரும். இறக்குமதிப் போத்தல் ஒன்றில் நிற வட்டத்தைத் தனி ஸ்ரிக்கராக ஒட்டியிருந்தார்கள். குளிரில் வியர்த்த போத்தலில் அது பாதி உரிந்து காலாவதித் திகதியை மூடிக்கொண்டு நின்றது. இன்னொன்றில் சீனி 10.8 கிராம், அதனால் செம்மஞ்சள். அரை லீற்றரில் 54 கிராம் என்று கடைக்கார ஐயாவுக்குக் கணக்குச் சொல்லி, தேக்கரண்டிக்கு 5 கிராம் வைத்தால் பதினொரு கரண்டிக்கு ஒரு சிட்டிகை குறைவு என்றேன். “மஞ்சள்தானே, பறவாயில்லை எண்டு சனம் எடுக்குது” என்றார் அவர். அந்த வசனத்தை அப்படியே கொப்பியில் எழுதினோம்.

பிழை விடும் இடம் இங்கேயும் உண்டு. இறக்குமதிப் போத்தல்களை மட்டும் படம் எடுக்காதீர்கள். உள்ளூர்ப் போத்தலில் உள்ள குறையையும் அதே அளவுகோலால் அளந்து அதே அட்டவணையில் போடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் அளந்த அட்டவணை மூன்றாம் படியில் சொன்ன குற்றச்சாட்டுக்கே எண்ணெய் ஊற்றும். கொம்பனிப் பெயரும் வேண்டாம். பானம் 1, பானம் 2 போதும். நீங்கள் காப்பாற்றுவது விதியை. ஒரு கொம்பனியோடு மல்லுக்கட்டத் தொடங்கினால் விசயம் வேறு நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

6. “இதைவிட இலேசான வழி இல்லையா?” என்பதற்குப் பதில்

2.2ஆம் உறுப்புரையின் இதயம் இந்தக் கேள்வி. விதி அதன் நோக்கத்தை நிறைவேற்றத் தேவையானதைவிடக் கூடுதலாக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தக்கூடாது. மாற்று வழி ஒன்று உண்டு, அதுவும் இதே அளவுக்குப் பலன் தரும் என்று காட்டவேண்டியது முறையிடுபவர்தான். இதைத் தெரியாமல் நம்மவர்கள் தற்காப்பாக எழுதுகிறார்கள்.

வழக்கமாக மூன்று மாற்று வழி சொல்லப்படும்: பின்பக்கத்தில் அட்டவணை போதும், கொம்பனிகள் தாமாக ஒழுகும், பாடசாலையில் அறிவூட்டலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். பின்பக்க அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பவருக்கு அது தெரியாது. அறிவூட்டல் வேண்டும்தான், ஆனால் அது வட்டத்தோடு சேர்ந்து வேலை செய்யும், அதற்குப் பதிலாகாது.

அவுஸ்திரேலியாவின் வெற்றுப் பொதிச் சிகரெட் சட்டம் (கொம்பனிச் சின்னமில்லாத, ஒரே மாதிரியான பெட்டியில்தான் விற்கவேண்டும் என்பது) இந்தக் கேள்வியைத் தாண்டியது இப்படித்தான். வயதெல்லையைக் கூட்டலாம், வரியைக் கூட்டலாம் என்று முறைப்பாட்டு நாடுகள் சொன்னவை, பல நடவடிக்கைகள் சேர்ந்த ஒரு திட்டத்தில் பொதியின் வேலையை ஈடுசெய்யா என்று கொள்ளப்பட்டது. 2012இல் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்கு 2020இல்தான் கடைசித் தீர்ப்பு வந்தது.

7. கோடெக்ஸ் தரத்தைத் தேடுங்கள்

சர்வதேச தரத்தை ஒட்டி எழுதிய விதி, தேவையற்ற தடை அல்ல என்று முதலில் அனுமானிக்கப்படும். 2.5ஆம் உறுப்புரை தரும் இந்த அனுகூலத்தை விட்டுவிடக்கூடாது. உணவுக்குச் சர்வதேச தரம் என்றால் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர ஆணைக்குழு வகுப்பதுதான். பொதியின் முன்பக்கப் போசணை லேபல் பற்றிய வழிகாட்டலை கோடெக்ஸ் 2021இல் ஏற்றுக்கொண்டது. நமது வரைவு அதோடு எங்கே ஒத்துப்போகிறது என்று பிரிவு பிரிவாகக் காட்டுங்கள்.

ஒத்துப்போகாத இடம் இருந்தால் மறைக்கவேண்டாம், காரணத்தை எழுதுங்கள். ஐரோப்பா ஒரே ஒரு இன மீனுக்குத்தான் சாடின் என்ற பெயர் என்று பிடிவாதம் பிடித்து, பேரு போட்ட வழக்கில் 2002இல் தோற்றது. வேறு இனங்களையும் நாட்டின் பெயர் முதலிய அடைமொழியோடு சாடின் என்று விற்கலாம் என்று கோடெக்ஸ் தரம் சொல்லியிருந்தது. அது ஏன் போதாது என்று ஐரோப்பாவால் நிறுவமுடியவில்லை.

8. முதலீட்டு வாசலைத் தனியாகப் பாருங்கள்

வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் அரசிடம் நட்டஈடு கேட்கலாம். இது நமக்குப் புதிதல்ல. முதலீட்டு உடன்படிக்கை ஒன்றை மட்டும் அடிப்படையாகக் கொண்டு உலகிலேயே முதன்முதலாகத் தீர்ந்த நடுத்தீர்ப்பு வழக்கு, 1987இல் மட்டக்களப்பில் அழிந்த ஓர் இறால் பண்ணையைப் பற்றியது. 1990இல் இலங்கை 4,60,000 டொலரும் வட்டியும் கட்டவேண்டும் என்று தீர்ந்தது.

நமது அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரையைக் கட்டாயம் வாசியுங்கள். பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அங்கீகரித்த முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைக்குச் சட்டத்தின் வலு உண்டு. தேசிய பாதுகாப்புக்காக அன்றி, அதற்கு முரணாக எழுத்திலான சட்டம் ஆக்கவும் முடியாது. அதனால்தான் புதிய உடன்படிக்கை கையெழுத்தாகும் முன்பே பொதுச் சுகாதார விலக்கு அதில் உண்டா என்று கேட்கவேண்டும். பிறகு கேட்டுப் பிரயோசனம் குறைவு.

மறுபக்கம், இந்த வாசலைக் கண்டு பயப்படவும் தேவையில்லை. சிகரெட் பெட்டியில் 80 வீதம் எச்சரிக்கை என்ற உருகுவே விதியை எதிர்த்து பிலிப் மொரிஸ் போட்ட வழக்கில் 2016இல் உருகுவே வென்றது. செலவில் 70 லட்சம் டொலரை கொம்பனியே கொடுக்க நேர்ந்தது. நமது நாட்டில் 2015இன் திருத்தச் சட்டம் வைத்ததும் அதே 80 வீதம்தான்.

9. எழுதி அனுப்புதல்

இரண்டு பக்கம், ஒரு அட்டவணை. நோக்கம், வேறுபாடின்மை, மாற்று வழிகளுக்குப் பதில், கோடெக்ஸ் என்ற ஒழுங்கில். தமிழில் எழுதுங்கள், அது உங்கள் உரிமை. கூடவே ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கமும் வையுங்கள். ஜெனீவாவுக்குப் போகும் பதிலை ஆங்கிலத்தில் எழுதப்போகிற அதிகாரி, உங்கள் வசனத்தை அப்படியே எடுத்துப்போட வசதியாக இருக்கும்.

குடிமக்கள் உலக வர்த்தக அமைப்பில் நேரே வாதாட முடியாது. உங்கள் கடிதம் நமது அரசின் கையைப் பலப்படுத்தத்தான். ஆகவே மூலப்பிரதி சுகாதார அமைச்சின் உணவுப் பிரிவுக்கு; விதி அவர்களுடையது. பிரதிகள் வர்த்தகத் திணைக்களத்துக்கும், டிபிடி விசாரணை நிலையமாக இருக்கும் இலங்கை கட்டளைகள் நிறுவனத்துக்கும், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைக் கொப்பியில் ஒட்டுங்கள்.

டிபிடி குழு வருடத்தில் மூன்று தடவை கூடும். அங்கே ஒரு நாடு கேள்வி எழுப்பினால் பத்திரிகைகள் “வழக்கு” என்று எழுதும், அது வழக்கல்ல. 2016இல் நடைமுறைக்கு வந்த சிலியின் கறுப்பு எண்கோண லேபல் பற்றி அங்கே பல நாடுகள் திரும்பத் திரும்பக் கேட்டன. லேபல் இன்றும் இருக்கிறது.

10. ஒத்திவைத்தால் கேளுங்கள்

விதி திடீரென்று தள்ளிப்போனால், 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். “ஏன் ஒத்திவைத்தீர்கள்?” என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். “இந்த வரைவு தொடர்பாகக் கிடைத்த ஆட்சேபனைக் கடிதங்களின் பிரதிகள், அவற்றுக்கு அனுப்பிய பதில்களின் பிரதிகள்” என்று எழுதினால் நழுவ இடமில்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும்.

மறுப்பதானால் பெரும்பாலும் 5ஆம் பிரிவைக் காட்டுவார்கள். வெளிநாட்டு வர்த்தக உடன்படிக்கைகள் பற்றிய விலக்கு அங்கே உண்மையாகவே உண்டு. ஆனால் அது கொள்கைத் தீர்மானங்களை உரிய காலத்துக்கு முன் வெளியிட்டுப் பொருளாதாரத்துக்குப் பாரதூரமான பாதிப்பு வருவதைப் பற்றியது. இன்னொரு நாடு ஏற்கெனவே அனுப்பிவிட்ட ஆட்சேபனை, நமது அரசின் தீர்மானம் ஆகாது. அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு பொதுநலன் மேலோங்கினால் கொடுக்கவேண்டும் என்கிறது. இந்த இரண்டையும் எழுதி 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழு.

கடிதங்கள் கைக்கு வந்ததும் முதலில் உறுப்புரை இலக்கங்களை மட்டும் கோடிட்டு, உடன்படிக்கையை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பார்த்த ஒரு கடிதத்தில் மூன்று பக்கத்துக்கு இலக்கங்கள் இருந்தன. “விலக்கு” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும்தான் உண்மையான கேள்வி இருந்தது. அதற்கு நாங்கள் நாலாம் படியிலேயே பதில் எழுதியிருந்தோம்.